காரைக்குடி லைன்: செம்பிலிருந்து இழைக்கு

678 என்றால் கம்பி. 691 என்றால் கணக்கு. 2005-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காரைக்குடியில் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். விண்டோஸ் திரையில் இணைப்பைச் சொடுக்கிவிட்டுக் காத்திருக்கும்போது, எதிர்முனையிலிருந்து பதிலே வராவிட்டால் 678 வரும். பதில் வந்து, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தாவிட்டால் 691 வரும். செக்காலை ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தியவரும், முத்துப்பட்டணத்து ஆடிட்டர் ஆபீஸ் எழுத்தரும் போனை எடுத்து "அண்ணே, 678 வருதுண்ணே" என்று ஆரம்பித்தால் எக்ஸ்சேஞ்சில் இருந்தவருக்குப் பாதி விசாரணை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரே கேள்விதான்: "மோடத்துல லிங்க் லைட் நின்னு எரியுதா, மினுக்குதா?"

நின்று எரிந்தால் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே கம்பி நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கும் மேலே. மினுக்கினால் டெஸ்ட் போனையும் பிளையரையும் எடுத்துக்கொண்டு லைன்மேன் கிளம்ப வேண்டும்.

இன்று அந்த எண்கள் இல்லை. வீட்டு முகப்பில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் 'பான்' என்ற பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் நலம். 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை. வாடிக்கையாளர் அந்தச் சிவப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். மாறியது வேகம் மட்டும் இல்லை. ஓர் இணைப்பு கெட்டால் அதை யார் அறிவது, எப்படி அறிவது, எங்கே போய்ச் சரிசெய்வது என்ற முறை முழுவதும் மாறிவிட்டது. வேகத்தைப் பேச விளம்பரங்கள் இருக்கின்றன. பராமரிப்பைப் பேச ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசித் துறையின் கணக்கில் காரைக்குடி சிறிய ஊர் இல்லை. சிவகங்கை, ராமநாதபுரம் என்ற இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து பி.எஸ்.என்.எல். ஒரே தொலைத்தொடர்பு மாவட்டமாக வைத்திருந்தது. அதன் தலைமையிடம் இரண்டு மாவட்டத் தலைநகரங்களிலும் இல்லை, காரைக்குடியில்தான். கானாடுகாத்தான் வீதியில் போன் ஊமையானாலும் ராமேசுவரம் கடைத்தெருவில் ஊமையானாலும் பதில் சொல்ல வேண்டியது இந்த ஊர்தான். ஒரு முனையில் செம்மண் பூமி, மறுமுனையில் உப்புக்காற்று. செம்புக் கம்பிக்கு இரண்டும் இரண்டு விதமான சோதனை.

பிராட்பேண்டுக்கு முன்பிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மோடம் கீச்சிட்டு எண்ணைச் சுழற்றும். மிக நல்ல லைனில் 56 கிலோபிட். நெட்டில் இருக்கும்வரை போன் எங்கேஜ். பக்கத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 முதல் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில் இணையக் கடைகள் நடந்தன. அதுவும் டயல்-அப் வேகந்தான், ஆனால் தரையில் கம்பி புதைக்காமல் கிராமத்தை எட்டியது. டி.எஸ்.எல். வந்தது வேறு வழியில். புதிதாக எதையும் புதைக்காமல், ஏற்கெனவே புதைந்திருந்த டெலிபோன் கம்பியையே அது பிடித்துக்கொண்டது.

2004-இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டை அடிப்படை வேகமாக வைத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கி, பெருநகரங்களுக்குப் பின்னால் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனது. அதன் அடியில் இருந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். செம்பு ஜோடி அதற்கு மேலும் நெடுந்தூரம் தாங்கும். ஆனால் ஒரே கேபிளில் நூறு ஜோடி நெருங்கிக் கிடக்கும்போது ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசியும். 1980-களின் பிற்பகுதியில் பெல்கோர் ஆய்வகத்தின் ஜோசப் லெக்லைடர், இரு திசைக்கும் சமவேகம் கொடுத்தால்தான் இந்தக் கசிவு கழுத்தை நெரிக்கிறது, வீட்டுக்கு வருவதைப் பெரிதாகவும் வீட்டிலிருந்து போவதைச் சிறிதாகவும் வைத்தால் தப்பிக்கலாம் என்று கண்டார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் சியோஃபி அந்த அலைவரிசையை நூற்றுக்கணக்கான சிறு வாய்க்கால்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலம். இரைச்சல் குறைந்த வாய்க்காலில் நிறைய, இரைச்சல் மிகுந்ததில் கொஞ்சம், கெட்டுப்போனதில் ஒன்றுமே ஏற்றாமல் விடுவது. மோடம் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம், ஒவ்வொரு வாய்க்காலாக அளந்து பார்க்கும் நேரம்.

இது திருச்சி வானொலியோடு எப்படி மோதுகிறது என்று பாருங்கள். அது 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் மத்திய அலை நிலையம். டி.எஸ்.எல். வாய்க்கால்களை எண்ணிக்கொண்டே போனால் 217-ஆவது வாய்க்கால் சரியாக அந்த இடத்தில் விழுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு நீளமாகத் தொங்கும் டிராப் ஒயர் வானொலி ஆன்டெனா போல நடந்துகொண்டால், அந்த வாய்க்கால் மோடத்துக்குப் பயன்படாது. மோடமும் சண்டை போடாமல் அதை விட்டுவிட்டு மற்றவற்றில் ஏற்றிக்கொள்ளும். இந்த விட்டுக்கொடுத்தல்தான் டி.எஸ்.எல்.லின் அழகு என்று எனக்குத் தோன்றும். கெட்ட கம்பியிலும் அது ஏதோ ஒரு வேகத்தில் வேலை செய்தது. அதனாலேயே கோளாறைக் கண்டுபிடிப்பதும் கடினமானது: முழுதாகச் சாகாத ஒன்றுக்கு நோய் கண்டறிய வேண்டியிருந்தது.

எக்ஸ்சேஞ்சுக்குள் போவோம். அங்கே எம்.டி.எஃப். என்ற இரும்புச் சட்டம். ஒரு பக்கம் ஊரிலிருந்து வரும் கேபிள் ஜோடிகள், மறுபக்கம் டெலிபோன் எண்கள். இரண்டையும் இணைப்பது ஜம்பர் ஒயர். டெலிபோன் மட்டும் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஜம்பர் போதும். பிராட்பேண்ட் வந்ததும் இரண்டு தேவைப்பட்டன. தெருவிலிருந்து வரும் ஜோடி முதலில் டிஸ்லாம் என்ற கருவியின் ஸ்பிளிட்டருக்குப் போகும். அங்கே குரல் தனியாகவும் டேட்டா தனியாகவும் பிரியும். குரல் மட்டும் திரும்பி வந்து எண்ணில் சேரும். இரண்டில் ஒன்றை மாற்றிச் செருகினால் ஒரு வீட்டில் நெட் மட்டும் போகும், இன்னொரு வீட்டில் போன் மட்டும் போகும். டிஸ்லாமின் எந்த போர்ட்டில் எந்த வீடு என்பது பதிவேட்டில் ஒன்றாகவும் சட்டத்தில் வேறாகவும் இருந்துவிட்டால், ஒருவரின் புகாருக்கு இன்னொருவரின் போர்ட்டை ரீசெட் செய்து கொண்டிருப்பார்கள்.

போர்ட்டைத் திறக்கும் இளநிலை அதிகாரியின் திரையில் சில எண்கள் வரும். அட்டென்யுவேஷன்: வழியில் சமிக்ஞை எவ்வளவு தேய்ந்தது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13.8 டெசிபல் என்பது கைக்கணக்கு. 41 என்றால் வீடு மூன்று கிலோமீட்டர் கம்பித் தூரத்தில் இருக்கிறது. எஸ்.என்.ஆர். மார்ஜின்: இரைச்சலுக்கு மேலே எவ்வளவு இடைவெளி மிச்சம். 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுந்து அறுந்து சேரும். பிறகு பிழைக் கணக்கு. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தவர்கள் வீட்டைப் பார்க்காமலே பாதி சொன்னார்கள். தேய்மானம் தூரத்துக்கு ஏற்றபடி இருந்து, மார்ஜின் மட்டும் இரவில் விழுந்தால் ஏதோ இரைச்சல். தேய்மானமே நேற்றைவிட இன்று பத்துக் கூடியிருந்தால் வழியில் ஓர் இணைப்பு கெட்டுப்போயிருக்கிறது. எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் 678 வந்தால் கம்பியைத் தொடவே வேண்டாம்; டிஸ்லாமுக்கு மேலே போகும் வழி அறுந்திருக்கும், அப்போது தெருவே சேர்ந்து கூப்பிடும்.

சரிசெய்யவும் திரையிலேயே ஒரு வழி இருந்தது. லைன் புரொஃபைலைக் குறைப்பது. எட்டு மெகாபிட்டுக்கு முயன்று பத்து நிமிடத்துக்கொரு தடவை விழும் லைனை இரண்டு மெகாபிட்டில் கட்டிப்போட்டால் நாள் முழுக்க நிற்கும். வாடிக்கையாளருக்கு வாங்கிய வேகம் கிடைக்காத வருத்தம், ஆனால் அறுபடாத நெட். அந்தத் தீர்மானத்தை எடுப்பவர் வெறும் பட்டனை அழுத்துவதில்லை, ஒரு வீட்டுக்கு எது வேண்டும் என்று யோசிக்கிறார். பங்கு வர்த்தகம் பார்க்கும் ஒருவருக்கு வேகத்தைவிட அறாமல் இருப்பது முக்கியம். இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போடும் கல்லூரிப் பிள்ளைக்கு நேர்மாறு. இரவு 2 முதல் காலை 8 வரை அளவில்லாமல் இறக்கலாம் என்று ஐந்நூறு ரூபாய்த் திட்டத்தில் ஒரு சலுகை இருந்தது; அழகப்பர் கல்லூரிகளைச் சுற்றியிருந்த வீடுகளில் அந்த நேரத்தில் விளக்கெரிந்ததை அந்தத் தலைமுறை மறந்திருக்காது.

ஆனால் எண்கள் சொல்வது பாதிதான். மீதி ரோட்டில் கிடந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தடித்த கேபிள் மண்ணுக்குள் போய் கேபினட்டில் ஏறும், அங்கிருந்து பில்லர், அங்கிருந்து தெருமுனை டி.பி. பெட்டி, கடைசியில் வீட்டுக்கு டிராப் ஒயர். ஒவ்வொரு இடத்திலும் ஓர் இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் ஒரு சந்தேகம். செட்டிநாட்டு மண் கோடையில் வெடித்து ஐப்பசி மழையில் குழையும். ஆறு மாதம் ஒன்றும் செய்யாத ஜாயின்ட் முதல் மழைக்கு நீரை உறிஞ்சி, செம்பில் களிம்பேறும். இந்த ஊரிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, அரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கடற்காற்று உலோகத்தைத் தின்பதைப் பார்க்க மண்டபத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஊருக்கு வெளியே கல்லூரிச் சாலையில் ஆராய்ச்சி, ஊருக்குள் ஒவ்வொரு பில்லரிலும் அதே பாடத்தின் செய்முறை. நம் லைன்மேன்களை ஒருநாளும் அந்த ஆய்வகத்தோடு சேர்த்து யாரும் நினைத்ததில்லை. நினைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

களிம்பேறிய இணைப்பு ஒரு விசித்திரம் செய்யும். போன் நன்றாகப் பேசும். நெட் மட்டும் நிற்காது. வாடிக்கையாளர் நம்பமாட்டார்: "போன்தான் நல்லாப் பேசுதே தம்பி, லைன்ல எப்படிக் கோளாறு இருக்கும்?" நேர்மாறும் உண்டு. ஜோடியில் ஒரு கம்பி மட்டும் அறுந்தால் போன் செத்துவிடும், டி.எஸ்.எல். மட்டும் ஒற்றைக் கம்பியில் தட்டுத்தடுமாறி ஊர்ந்துகொண்டிருக்கும். ஏனென்றால் அதன் உயர் அலைவரிசை அறுந்த இடைவெளியையும் ஓரளவு தாண்டிவிடும். 'போன் சத்தமில்லை, நெட் மெதுவாக வருகிறது' என்று புகார் வந்தால் அனுபவமுள்ளவர் மோடத்தைப் பார்க்கவே மாட்டார். நேராக டி.பி. பெட்டிக்குப் போவார்.

செட்டிநாட்டு வீட்டுக்கென்றே ஒரு கோளாறு இருந்தது. வீடு ஒரு தெருவில் முகப்பைத் திறந்து அடுத்த தெருவில் முடியும். போன் முகப்பில் இருக்கும். வளவில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று, அடுப்படி வாசலில் ஒன்று என்று பேரலல் போன்கள். பர்மாத் தேக்கு உத்தரத்தோரம் ஆணியடித்து ஓடிய பழைய ஒயர். முகப்புப் போனுக்கு ஃபில்டர் போட்டுவிட்டு ஆள் போய்விடுவார். அடுப்படிப் போனுக்கு யாரும் போடவில்லை. அது மணியடிக்கும்போதெல்லாம் முகப்பில் நெட் அறுந்துபோகும். யாரும் தொடாத, ரிசீவரே இல்லாத ஒரு ஒயர் மூலையில் திறந்து கிடந்தாலும் போதும். சமிக்ஞை அதன் கடைசிவரை ஓடி மோதித் திரும்பி வந்து சில வாய்க்கால்களைக் கெடுக்கும். இந்த ஊர் லைன்மேன்களுக்கு இது பழக்கமான பாடம். நுழைந்ததும் முதல் வேலை, "ஆச்சி, வீட்டுல இன்னும் எத்தனை இடத்துல போன் இருக்கு?" என்று கேட்பது. இரண்டாவது வேலை, உள்ஒயர் முழுவதையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் இடத்திலேயே மோடத்தைச் செருகிப் பார்ப்பது. அங்கே லைட் நின்றால் கம்பெனிக் கம்பி சரி, வீட்டுக் கம்பி தவறு. வழக்கு அங்கேயே தீர்ந்தது.

பூட்டிக்கிடக்கும் வீடுகள் இன்னொரு வகை. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. வீட்டை ஒருவர் பார்த்துக்கொள்வார். எண்ணை விட மனமில்லாதவர்கள் 'சேஃப் கஸ்டடி'யில் ஒப்படைத்தார்கள். மற்றவர்கள் வாடகை கட்டிக்கொண்டே யாரும் எடுக்காத போனை வைத்திருந்தார்கள். கம்பி ஓடாமல் கிடந்தால் கெடும். ரிசீவரைத் தூக்கும்போது எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓடும் சிறு மின்னோட்டந்தான் இணைப்புகளில் படரும் மெல்லிய படலத்தைத் துளைத்து உயிரோடு வைக்கிறது. எட்டு மாதம் யாரும் தூக்காத போன், படைப்புக்கோ பிள்ளையார் நோன்புக்கோ சாந்திக் கல்யாணத்துக்கோ வீடு திறக்கும் நாளில் கரகரக்கும். அன்றைக்குத்தான் ஐம்பது பேர் வந்திருப்பார்கள், அன்றைக்குத்தான் நெட்டும் வேண்டும். விழாக் காலத்துக்கு முன்பே தெருவைச் சுற்றி வந்து டோன் பார்த்த லைன்மேன்கள் இருந்தார்கள். எந்த விதிப்புத்தகமும் அதைச் சொல்லவில்லை.

அந்த விழா நாட்களில்தான் லெக்லைடரின் கணக்கும் இடித்தது. வீடு வாங்குவது அதிகம், கொடுப்பது குறைவு என்று எண்ணி அமைத்த முறை அது. நம் வீடுகளுக்கு வேண்டியிருந்ததோ தலைகீழ்: காரைக்குடியில் நடக்கும் சடங்கை கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு ஸ்கைப்பில் காட்ட வேண்டும். வருகிற வழி இரண்டு மெகாபிட் இருந்தாலும் போகிற வழி அதில் சிறு பங்கு. அங்கிருப்பவர்கள் முகம் இங்கே தெளிவாகத் தெரியும். இங்கே கட்டும் திருப்பூட்டு அங்கே சதுரம் சதுரமாக உடையும். அந்தக் காலத்துக் கடல்கடந்த வீடியோ அழைப்பில் பாதி வலி, இந்த ஒருபக்கச் சாய்வுதான்.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டைச் சொல்லாமல் விட முடியாது. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் போன்ற சுற்றூர்களுக்குத் தனித்தனிச் சிறு எக்ஸ்சேஞ்சுகள், டிஸ்லாம் பேட்டரியில் ஓடும், பேட்டரி வயதானது, மின்வெட்டோ நீண்டது. போன் சுவிட்சும் டிஸ்லாமும் ஒரே பேட்டரியை உறிஞ்சும்போது இரண்டும் சேர்ந்து படுக்கும். கரண்ட் வந்ததும் டிஸ்லாம் எழும், சில போர்ட்டுகள் மட்டும் எழாது. காரைக்குடியிலிருந்து ரிமோட்டில் ரீசெட் செய்வார்கள். அதற்கும் மசியாத கார்டைக் கழற்றி மாட்ட ஒருவர் போவார். கோடை வெயிலில் ஏ.சி. ஓடாத அறையில் கார்டுகள் சூடேறித் தொங்குவது தனிக்கதை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இலவச மொபைல் டேட்டா வந்தது, டி.எஸ்.எல். மோடங்கள் ஒவ்வொன்றாக அலமாரிக்குப் போயின. ஒளியிழை வீட்டு வாசலுக்கு வந்தது. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் நாடு முழுவதும் 78,569 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான திட்டம். செம்புக் காலத்தில் கம்பம் ஏறியவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான். எந்தச் சந்தில் கேபிள் பாலத்துக்கு அடியில் திரும்புகிறது, எந்த ஜாயின்ட் 1998-இல் அவசரத்தில் போட்டது, எந்த வீட்டு ஒயர் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வருகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் பாதியும் அவர்கள் தலையில் பாதியும் இருந்தன. தலையில் இருந்த பாதியை எழுதிவைக்க யாரும் அவர்களை உட்காரவைக்கவில்லை. ஓய்வுத் திட்டத்தின் பொருளாதாரம் எதுவாகவும் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் அது பெரிய பிழை.

இழையின் வலிமையை மறுக்க மாட்டேன். செம்பில் கிலோமீட்டருக்கு 13.8 டெசிபல் தேய்ந்தது. இழையில் சுமார் 0.35. தூரம் என்ற கவலையே ஒழிந்தது. இடி இறங்கினால் செம்பு வழியாக வந்து மோடத்தை எரித்த மின்னல், இழையில் ஏறாது. திருச்சி வானொலிக்கு அங்கே இடமில்லை. ஜே.சி.பி. பள்ளம் தோண்டி நூறு ஜோடிக் கேபிளை அறுத்தால் இருநூறு கம்பிகளையும் நிறம் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்க ஒரு நாள் குழிக்குள் உட்கார வேண்டும். இன்று அறுந்த இழைகளை ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்.

உள்ளே நடக்கும் வேலையும் வேறு. அன்று கம்பியே முகவரி. எந்த ஜோடி எந்த போர்ட்டில் இருக்கிறதோ அதுதான் அந்த வீடு. இடையில் ஒருவர் கணக்கை இன்னொருவர் வீட்டிலிருந்து திறக்க முடிந்ததால், பயனர் பெயரை அந்த போர்ட்டோடு பூட்டும் முறை வந்தது. இன்று ஓ.எல்.டி. என்ற கருவியின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் ஒரே ஒளி, கம்பத்துப் பெட்டியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. எல்லா வீட்டுக்கும் எல்லாருடைய டேட்டாவும் வருகிறது. தனக்குரியதை மட்டும் பிரித்துத் திறப்பது வீட்டுப் பெட்டி. அதன் தொடர் எண்ணை ஓ.எல்.டி.யில் பதிவு செய்தால்தான் இணைப்பு. ஜம்பரும் இல்லை, சட்டமும் இல்லை. பெட்டியைப் பக்கத்து வீட்டு இழையில் மாட்டினாலும் அதே எண்ணோடு ஓடக்கூடும். இதனால் புதுவகைக் கோளாறும் வந்திருக்கிறது: ஒரு வீட்டுப் பெட்டி கெட்டுப்போய், தன் முறை இல்லாதபோதும் ஒளியைக் கொட்டிக்கொண்டே இருந்தால், அந்த 64 வீடும் சேர்ந்து தடுமாறும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வீடாகக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு.

பார்க்க வேண்டிய எண் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது: வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸ் 20 டி.பி.எம். என்றால் நிம்மதி, மைனஸ் 27 விளிம்பு. 64-ஆகப் பிரிப்பதற்கே ஏறத்தாழ 20 டெசிபல் போய்விடும். மொத்தக் கொள்ளளவு 28. மிச்சம் எட்டுக்குள் தூரமும் ஸ்பிளைசும் கனெக்டரும் அடங்க வேண்டும். செட்டிநாட்டுச் செம்புழுதி ஒரு கனெக்டர் முனையில் ஒட்டினால் அதில் ஒன்றிரண்டு போய்விடும். கதவு இடுக்கில் இழை மடங்கினால் இன்னும் கொஞ்சம். கண்ணுக்குத் தெரியாத தூசியை ஆல்கஹால் துணியால் துடைப்பதுதான் இன்றைய பராமரிப்பில் பாதி. அதைப் பொறுமையாகச் செய்கிறவரும் செய்யாதவரும் ஒரே சம்பளம் வாங்குகிறார்கள் என்பது வருத்தம்.

வீட்டுக்குள் வந்தால் பழைய சுவர் அப்படியே நிற்கிறது. சுண்ணாம்பும் செங்கல்லுமான அந்தத் தடித்த சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு கட்டைத் தாண்டுவதற்குள் மூச்சுவாங்கும். முகப்பில் நூறு மெகாபிட், அடுப்படியில் சுழலும் வட்டம். வாடிக்கையாளர் 'நெட் இல்லை' என்கிறார், ஓ.எல்.டி.யின் திரையில் எல்லாம் பச்சை. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். விவரமறிந்த ஆட்கள் பழைய பேரலல் ஒயர் ஓடிய அதே உத்தரத்தோரம் லேன் கேபிளை இழுத்து, வளவில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் நாம் தெரியாமலே இழந்திருக்கிறோம். செம்புப் போனுக்கு வீட்டில் கரண்ட் வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே அதற்கும் மின்சாரம் அனுப்பியது. இழையில் மின்சாரம் வராது. 04565 என்று தொடங்கும் அதே பழைய எண்ணை இழைக்கு மாற்றிக்கொண்டவர்களுக்குக் கரண்ட் போனால் போனும் போகும். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் அந்த வெள்ளைப் பெட்டிக்கு ஒரு சிறு யு.பி.எஸ். வைத்துக்கொடுப்பது இணைப்புக் கொடுப்பவரின் கடமையாக இருக்க வேண்டும். விலை அதிகமில்லை. 2018 நவம்பர் கஜா புயலின்போது சுற்று மாவட்டங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தவர்களிடம் இதை விளக்கத் தேவையில்லை.

பொறுப்பும் பிரிந்திருக்கிறது. அன்று 198-ஐச் சுழற்றினால் புகார் ஒரே கூரைக்குள் ஓடியது. போர்ட்டும் பில்லரும் டிராப் ஒயரும் ஒரே நிறுவனத்தின் ஆட்களிடம். இன்று மேலே உள்ள கருவி நிறுவனத்திடம், தெருவில் ஓடும் இழை பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டாளியிடம். கேபிள் டி.வி. நடத்தியவர்கள் பலர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். சுறுசுறுப்பானவர்கள், இரவு பத்து மணிக்கும் கம்பம் ஏறுகிறவர்கள். ஆனால் ஒருவர் இழுத்த வழி அடுத்தவருக்குத் தெரியாது. கூட்டாளி மாறினால் வரைபடமும் அவரோடு போய்விடுகிறது.

அதன் விலை ஓ.டி.டி.ஆர். கருவியைக் கையில் எடுக்கும்போது தெரியும். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும் கருவி அது. செம்புக் காலத்தில் இவ்வளவு துல்லியம் கனவு. ஆனால் அது சொல்வது இழையின் நீளம், ரோட்டின் நீளம் இல்லை. பின்னால் சேர்க்க வசதியாக ஆங்காங்கே கம்பங்களில் இழையைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். கருவி 1,430 மீட்டர் என்கிறது. வழியில் ஆறு கம்பங்களில் இருபது இருபது மீட்டர் சுருள் இருந்தால், ரோட்டில் 1,310 மீட்டரில் ஏணியைச் சாய்க்க வேண்டும். சுருளின் கணக்கு எழுதப்படாத தெருவில் இறங்குகிறவர் அதைத் தாண்டி 120 மீட்டர் நடந்து, மழையில் நின்று, நன்றாக இருக்கிற இழையை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.